காபி மிஷினுக்கு உப்பு போட்டோம்

என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். பதினேழு வருடமாக அங்கே இருந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் உப்பளம் சூழ்ந்த எங்கள் மரக்காணத்தில் என்னோடு இருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியில் சாக்லேட், சென்ட், கோடாலித் தைலம், கம்பளி என்று சொந்தபந்தம் முழுவதற்கும் பங்கு இருக்கும். கடைசியாக வந்தபோது, மழை தொடங்குகிற சமயம், அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. காபி போடும் மிஷின். விமானத்தில் அவருக்கு அனுமதித்த எடை முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. அனுமந்தையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த என் நாத்தனார் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, இதத் தொறந்தா எங்கனா தைலம் வருமா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரும் குடிப்பதில்லை. காலையில் டீ, சாயந்திரம் டீ, நடுவில் மனசு சரியில்லை என்றால் இன்னொரு டீ. ஆனால் அவர் ஏசி சர்வீஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பங்களாவில் இந்த மிஷின் இருந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் நாட்டை விட்டுக் கிளம்பும்போது, பிடித்திருந்தால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். இவருக்கு எப்போதோ பிடித்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் போய் ஏசியைப் பார்த்ததைவிட இதைத்தான் அதிகம் பார்த்திருப்பார் போல.

சாதாரண மிஷினில் ஒரு பாய்லர் இருக்குமாம். இதில் இரண்டு. ஒன்றில் காபிக்கான வெந்நீர், இன்னொன்றில் பால் நுரைக்க ஆவி. இரண்டும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதை அவர் ஒரு பெருமையாகச் சொன்னார். ஒரு வீட்டில் ரெண்டு அடுப்பு எரிந்தால் அது பாகப்பிரிவினைதான் என்று நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே சோற்றுத் தட்டின் முன்னால் அறிவிப்பு வந்தது. "இனிமே போறதா இல்ல. சனி ஞாயிறு ஆனா மெட்ராஸ் காருங்க ஈ.சி.ஆர்.ல வரிசையா பாண்டிக்குப் போவுது. ரோட்டோரமா ஒரு காபி கடை. பத்து கார்ல ஒண்ணு நின்னா போதும். இந்த மிஷின் செட்டாயிடுச்சின்னா இருந்துடறேன். ஆவலைன்னா விசா இருக்குது, ஈஸ்டர் வரைக்கும் டைம் இருக்குது."

அவர் விசா விவகாரம் இதுதான்: ஆறு மாதத்துக்குமேல் அந்த ஊருக்கு வெளியே இருந்தால் செத்துப்போகும். ஈஸ்டருக்கு அடுத்த வாரத்தோடு கெடு முடிகிறது.

கல்யாணமான புதிதில், அவர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் "போவாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சில வருடங்களுக்குப் பிறகு எனக்கு வெறுத்துப்போய்விட்டது. இனி இந்த வாயால் கேட்கமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். இப்போது மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக. அவர் இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. நாற்பது வயதுக்குமேல் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆசை ஒரு எவர்சில்வர் பெட்டியின் நல்ல மனசை நம்பி இருந்தது.

பெட்டிக்கு நல்ல மனசு இல்லை என்று அவரே சீக்கிரம் கண்டுபிடித்தார். சூடு ஏறி இறங்குகிறதாம். ஒரு கோப்பை புளிக்கிறது, அடுத்தது கசக்கிறது என்றார். எனக்கு எல்லாமே கசந்தது. இணையத்தில் இந்த மாதிரி மிஷினைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது; உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் ஆண்கள், ஒருவருக்கும் வீட்டில் வேலை இல்லை. அவர்கள் சொன்னபடி முதலில் ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினார். சூடு தொண்ணூற்று மூன்றில் நின்றால் அங்கேயே நிற்கும், அரை டிகிரி அசையாது. என் உடம்புச் சூட்டைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பாய்லருக்கும் வெப்பம் தாங்கும் பஞ்சுப் போர்வை சுற்றினார். ஏசிக்காரர், சுற்றுவதில் கெட்டிக்காரர். முகப்பில் ஓட்டை போட்டு ஒரு பிரஷர் மீட்டர் வைத்தார். தண்ணீர் காபித்தூளில் மெதுவாக இறங்க ஒரு குட்டி வால்வு வைத்தார். உள்ளே இருந்த பம்ப் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாத பெரிய பம்ப் ஒன்றை மோட்டாரோடு வரவழைத்தார். அது மிஷினுக்குள் அடங்கவில்லை. மேடைக்குக் கீழே என் அரிசி டிரம் இருந்த இடத்துக்கு அது குடிவந்தது. அரிசி டிரம் கட்டிலுக்குக் கீழே போனது. மிக்ஸிக்கான பிளக்கை மிஷினுக்கென்று வந்த ஸ்டெபிலைசர் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் நான் சட்னியை ஹாலில் அரைத்தேன்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் எழுந்திருக்க மாட்டார். அங்கே மொட்டை மாடிகளில் ஏசியைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினால் மணல்காற்று உள்ளே புகுந்து யூனிட்டே போய்விடும். சாப்பாட்டு நேரமா, பெருநாளா, கம்பெனி முதலாளி கீழே நின்று கூப்பிடுகிறாரா, எதுவும் கணக்கில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் அன்று விருந்தாளிகள் எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டார்கள், வீட்டு ஆம்பளை மட்டும் அடுப்படித் தரையில் ஒரு வாஷரைத் தேடிக்கொண்டிருந்தார். "கழட்டிட்டேன், மூட்டிட்டு வர்றேன்," என்றார். பிரியாணி ஆறிய பிறகு வந்தார்.

தண்ணீர் விஷயத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. முதலில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினார். மரக்காணத்து போர் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நாளிலேயே பாய்லருக்குள் வெள்ளை அடித்ததுபோல் சுண்ணாம்பு படிந்துவிட்டது. அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு, குடிக்க வாங்கும் கேன் தண்ணீருக்கு மாறினார். கேன் தண்ணீர் ஊற்றிய முதல் நாளே ஆவி வரவேண்டிய குழாயிலிருந்து வெந்நீர் கொட்டி அடுப்படி வெள்ளக்காடானது.

காரணம் கண்டுபிடிக்க நாளானது. ஆவி பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்குகிறது. தண்ணீர் ஏறி அந்தக் கம்பியைத் தொட்டால் அதன் வழியாகத் துளி கரண்ட் பாயும். உடனே மிஷின் போதும் என்று பம்பை நிறுத்திவிடும். கேன் தண்ணீரோ வடிகட்டி வடிகட்டி ஒன்றுமே இல்லாத தண்ணீர். அதில் கரண்ட் போகவில்லை. கம்பி முழுகிக் கிடந்தும், மிஷின் தன் வயிறு காலி என்றே நினைத்து இழுத்துக்கொண்டே இருந்தது. இணையக் கூட்டத்தார் தண்ணீரில் கலக்க ஏதோ பவுடர் பாக்கெட் இருப்பதாகவும், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றும் சொன்னார்கள். பாக்கெட்டைவிட அதை அனுப்பும் செலவு அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்போதுதான் என் தம்பி வந்தான். அவன் குத்தகைக்கு உப்பளம் எடுத்திருப்பவன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது, அதனால் ஊரில் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் வந்து தீர்த்துவைப்பான்.

"மாமா, மோட்டார் கொட்டாய்ல ஈரக் கையோட சுச்ச தொட்டா நம்மள தூக்கி அடிக்குதா இல்லியா? இன்னாத்துக்கு அடிக்குது? கையில இருக்கறது உப்புத்தண்ணி. கரண்டு போவணும், அவ்ளோதான? ஒரு சிட்டிகை உப்பு போடு. மரக்காணத்துல இருந்துக்குனு வெளிநாட்டுல இருந்து பாக்கெட் வரவெச்சேன்னு வெளிய சொல்லிடாத, நம்ம மானம் போயிடும்."

அவர் யோசித்தார். இணையத்தில் கேட்டுப் பார்க்கலாமா என்றார். உப்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று தம்பி கேட்டான். அவர் போனைக் கீழே வைத்தார். நானும் தம்பி பக்கம் தலையாட்டினேன். நான் உப்பு மூட்டை கட்டும் ஷெட்டில் சூப்பர்வைசர். உப்பு என்று வந்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஆகையால் போடலாமா என்ற பேச்சு அதோடு முடிந்து, எந்த உப்பைப் போடுவது என்ற பேச்சு ஆரம்பித்தது. கடையில் விற்கும் தூள் உப்பு வேண்டாம், அயோடின் கலந்திருக்கும் என்றேன் நான். தன் அளத்து உப்புதான் போடவேண்டும் என்றான் தம்பி. போன சித்திரை வெயிலில் வாரியது, பளிங்கு மாதிரி இருக்கும் என்று ஓடிப்போய் ஒரு பை கொண்டுவந்தான். அதில் அழகான கல்லாகப் பார்த்து நான் பொறுக்கினேன். கரைத்து, வெள்ளை வேட்டியில் வடிகட்டி, கேனில் ஊற்றினோம். என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார். பம்ப் ஓடியது. தண்ணீர் ஏறியது. டக் என்று தானாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம்.

அதன் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. இருமல் மருந்து ஊற்றும் அளவுக்குச் சின்னக் கோப்பையில், மேலே பொன்னிறமாக ஒரு படலத்தோடு காபி இறங்கும். அவர் அதை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார். ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள், பிடித்ததில் ஒன்றை விட்டு நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கியபோது, வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாருக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "தவக்காலத்துக்கு ஏத்த பானம்தான்," என்று சொல்லி, கோப்பையைக் கீழே வைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். இந்தத் தவக்காலத்துக்கு என்ன விடப்போறீங்க அண்ணி என்று கேட்ட நாத்தனாரிடம், காபியை விடப்போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்து, அன்று சாயந்திரம் வரை என்னோடு பேசவில்லை.

ஈ.சி.ஆர். ஓரத்தில் இளநீர் விற்பவர் பக்கத்தில் ஒரு கொட்டகைக்கு வாடகை பேசினார். ஈஸ்டர் முடிந்ததும் கடை என்று முடிவானது. நான் பரணிலிருந்து அவருடைய பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து, என் பழைய புடவைகளை அடுக்கித் திரும்ப ஏற்றினேன். அத்தனை வருடத்தில் அந்தப் பெட்டிக்கு நான் வேறு வேலை கொடுத்தது அதுதான் முதல்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மிஷினுக்கு அடியில் ஈரம் தெரிந்தது. துடைத்தோம். மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாள் சுவிட்சைப் போட்டதும் வீட்டில் மொத்த கரண்டும் போனது. அவர் உட்கார்ந்து கழற்றினார். பஞ்சுப் போர்வை நனைந்து பழுப்பாகியிருந்தது. அதை உரித்தால், ஆவி பாய்லரின் வெல்டிங் ஓரமாகத் துருக் கோடு. அந்தக் கோட்டில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள். உள்ளே தொங்கிய கம்பி பூச்சி அரித்ததுபோல் இருந்தது.

உப்பு தின்றுவிட்டது. வேறொன்றுமில்லை.

இதில் என்னால் பொறுக்க முடியாதது எது என்றால், இந்த விஷயம் எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அளத்தில் உப்பு வாரும் பலகை மரப்பலகை. இரும்பில் செய்தால் ஒரு பருவம் தாங்காது என்று தம்பிக்குத் தெரியும். என் ஷெட்டின் தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. மழை வந்தால் மூட்டைகளை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று எனக்கு மனப்பாடம். எங்கள் ஜன்னல் கம்பியைக் கையால் உடைக்கலாம். இதையெல்லாம்விட, என் அடுப்படியில் மேடைமேல் உப்பு இருப்பது பீங்கான் ஜாடியில். எவர்சில்வர் டப்பாவில் உப்பைப் போடாதே, ஓட்டையாகிவிடும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுகூட ஞாபகமில்லை, அவ்வளவு சின்ன வயதில் தெரிந்துகொண்டது. அந்த ஜாடியிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, எவர்சில்வர் பாய்லருக்குள் உப்பைக் கரைத்து ஊற்றி, நான் கையும் தட்டியிருக்கிறேன்.

தம்பி வந்து பார்த்தான். "கடக்காத்து மாமா. இங்க எதுதான் துருப்பிடிக்கல?" என்று கடலின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரர் ஒருவரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு திருகாகத் திரும்ப மாட்டி, மிஷினை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தத் துண்டைப் பார்க்காமலிருக்க நான் மறுபடியும் சட்னியை ஹாலில் அரைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், லீவுக்கு வந்திருந்த அவருடைய கூட்டாளி கோட்டக்குப்பத்திலிருந்து போன் பண்ணினார். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே ரூம், அத்தனை வருடமும் ஒரே மொட்டை மாடிகள். என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"ஏம்பா, இன்னும் இன்னா யோசன? டிக்கெட் ரெண்டு பேருக்கும் வந்துடுச்சி. ஈஸ்டர் முடிஞ்சி செவ்வாக்கெழம ஃப்ளைட்டு. நா கார் எடுத்துக்குனு உங்க ஊட்டாண்ட வந்துடறேன், அப்டியே ஏர்போர்ட் போயிடலாம். அந்த வாரத்த உட்டா விசா காலி, தெரியும்ல?"

"சரி பாய்," என்றார் இவர்.

அந்த இரண்டு சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மிஷின்மேல் ஆத்திரம், தம்பிமேல் ஆத்திரம், அழகான கல்லாகப் பொறுக்கின என் கைமேல் ஆத்திரம். பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். அவருடைய சட்டைகளை அயர்ன் பண்ணி அடுக்கினேன். கருவாடு, வடகம், மாங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டினேன். "இருங்க" என்ற ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வரவில்லை. என் வைராக்கியமும் அந்தச் சமயம் பார்த்துத்தான் அவ்வளவு உறுதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டார். கார் வர நேரம் இருந்தது. கை கழுவிவிட்டு மிஷின் மேலிருந்த துண்டை எடுத்தார்.

"சும்மா ஒரு தபா பாத்துடறேன்," என்றார்.

நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஹாலில் கால் வைக்க இடமில்லை. நியூஸ்பேப்பரை விரித்து, மிஷினின் மேல்தகடு, பக்கத் தகடு, மீட்டர், வால்வு, கன்ட்ரோலர், வயர்கள் எல்லாம் வாசற்படி வரைக்கும் பரப்பியிருந்தார். ஓட்டையான பாய்லரை மட்டும் எடுத்திருந்தால் போதும். நன்றாக இருந்த பாய்லரையும் கழற்றி வைத்திருந்தார். மேடைக்கு அடியிலிருந்த பம்பையும் விடவில்லை. சட்டை முழுக்கக் கறை. ஓட்டைப் பாய்லரைக் காணோம். கேட்டால், தம்பியை வரச்சொல்லிப் பாண்டிக்கு வெல்டிங்குக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம்.

"எப்போ வரும்?"

"வெல்டிங்காரன் போன்லயே ஒரு வாரம் ஆவும்னு சொல்லிட்டான்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. கூட்டாளி இறங்கி வந்தார். வந்தவர் வாசற்படியைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றார். தரையைப் பார்த்தார், இவர் சட்டையைப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"பாய், நீங்க கெளம்புங்க. நா கழட்டிட்டேன்."

அந்த மனிதருக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மொட்டை மாடியில் இவர் மூட்டி முடிக்கும்வரை எத்தனை வேளைச் சோறு ஆறியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "டீ இருக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு, சாமான்களுக்கு மேலாக எட்டி இவர் தோளைத் தட்டிவிட்டு, நான் கட்டிவைத்த ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கார் சத்தம் மெட்ராஸ் பக்கமாகப் போய் மறைந்தது.

நான் நடுவில் கிடந்த சாமான்களைத் தாண்டித் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இந்த வாரத்தோட விசா முடியுதுங்களே," என்றேன்.

"தெரியும்." அவர் நிமிரவில்லை. ஒரு திருகாணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் துடைக்க ஒன்றுமில்லை. "கழட்டினத மூட்டாம எப்பிடி எந்திரிக்கிறது?"

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இருங்கள் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, என் வைராக்கியத்தை நான் விடவில்லை.

"மெதுவாவே மூட்டுங்க," என்றேன்.